60 வயதுப் பிரிவுக்கு ஏறும் ஆண்டு: ஊர் ஹார்டு கோர்ட்டா, ஐரோப்பிய மண்ணா?

1966 டிசம்பரில் பிறந்தவர் 2026 ஜனவரி முதல் தேதியே 60 வயதுப் பிரிவில் இறங்கலாம். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப் நடத்தும் மாஸ்டர்ஸ் சுற்றில் பிறந்த நாளைப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் அந்த வயதைத் தொடுகிறாரா என்பதுதான் கணக்கு. 30-இல் தொடங்கி 90 வரை ஐந்தைந்து வயதாகப் படிகள். ஒவ்வொரு படியிலும் முதல் ஆண்டுதான் உடம்புக்குச் சாதகமான ஆண்டு, ஏனென்றால் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களில் பலர் இரண்டு, மூன்று, நான்கு வயது மூத்தவர்கள். 35 வயதில் இந்த நான்கு வருஷம் பெரிதாகத் தெரியாது. 60-க்கு மேல் மூன்றாவது செட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

இந்த ஆண்டை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்களுக்கு வருஷத்தில் ஆறு வாரம் கிடைத்தாலே அதிகம், பணமும் அளவுதான். வழிகள் மூன்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை இந்தியாவுக்குள்ளேயே ஹார்டு கோர்ட்டில், அதாவது கெட்டியான சிமெண்டுத் தரையில், நாலைந்து சிறு போட்டிகள் ஆடலாம். கோடையில் ஒரே பயணமாக ஐரோப்பாவுக்குப் போய்ச் செம்மண் தரையில் இரண்டு மூன்று வாரம் ஆடலாம். அல்லது ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையர் மட்டும் ஆடலாம். நம் ஆட்களில் பலர் இதை ரேங்கிங் புள்ளியை வைத்தே முடிவு செய்கிறார்கள். அடுத்தடுத்த நாட்களில் எத்தனை மேட்சை உங்கள் கால் தாங்கும் என்பதை முதலில் எடைபோடுங்கள். புள்ளி அதற்குப் பிறகுதான்.

புள்ளி எதற்கு உதவும், எதற்கு உதவாது

போட்டிகளுக்கு எம்.டி (MT) 100, 200, 400, 700, 1000 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். அந்த எண்தான் ஒற்றையர் சாம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளி. ஆக, எம்.டி 100 போட்டியை நான்கு முறை வென்றால் வருவதும் எம்.டி 400 போட்டியை ஒருமுறை வென்றால் வருவதும் ஒன்றே. புள்ளி 52 வாரம்தான் உயிரோடு இருக்கும். அதிலும் சிறந்த சில முடிவுகளே கணக்கில் சேரும் என்பதால், சின்னப் போட்டிகளாக எட்டு ஒன்பது ஆடிக் குவிப்பதில் ஒரு கட்டத்துக்கு மேல் பயனில்லை.

ரேங்கிங்கின் உண்மையான பலன் சீடிங், அதாவது வலுவானவர்கள் தொடக்கத்திலேயே ஒருவரோடொருவர் மோதாதபடி ஆட்ட வரிசையில் (டிரா) தனித்தனி இடம் தருவது. 32 பேர் டிராவில் 24 பேர் மட்டுமே பெயர் கொடுத்திருந்தால் எட்டு இடம் 'பை' ஆகும். அந்த எட்டும் சீட் பெற்றவர்களுக்கே போகும். முதல் சுற்று ஆடாமல் இரண்டாம் சுற்றுக்கு வருவது 60 வயதில் பெரிய வரம், ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கிறது. ரேங்கிங் இல்லாமல் போகிறவர் முதல் மேட்சிலேயே முதல் சீட் எதிரே நிற்க நேரலாம். ஐரோப்பாவுக்குப் போகும் முன் ஊரில் ஒன்றிரண்டு போட்டி ஆடிக் கொஞ்சம் புள்ளி சேர்த்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

ஊரில் 60 பிரிவுக்கு ஆள் குறைவாகச் சேரும் போட்டிகளும் உண்டு. நாக்-அவுட்டுக்குப் போதிய பெயர் வராவிட்டால் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் ரவுண்ட் ராபினாக மாற்றுவார்கள், சில சமயம் அந்தப் பிரிவே நடக்காது. போட்டியின் விவரத் தாளான ஃபேக்ட் ஷீட்டில் எந்தெந்தப் பிரிவு, குறைந்தபட்சம் எத்தனை பேர், என்ன பந்து, மூன்றாவது செட் முழு செட்டா அல்லது அதற்குப் பதிலாக ஆடும் 10 புள்ளி மேட்ச் டை-பிரேக்கா என்று போட்டிருக்கும். ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். 60-இல் ஆள் இல்லையென்றால் 55-இல் ஆட உங்களுக்கு உரிமை உண்டு. வயது குறைந்த பிரிவில் மூத்தவர் ஆடலாம், இளையவர் மேலே போகத்தான் முடியாது. ஆனால் 55-இல் எடுக்கும் புள்ளி 55 பட்டியலில்தான் ஏறும்.

ஹார்டு கோர்ட்: பழகிய தரை, இரக்கமில்லாத தரை

பழக்கம்தான் உள்ளூர்ப் பருவத்தின் பெரிய பலம். பந்து எழும்பும் உயரம் கண்ணை மூடினாலும் தெரியும். சர்வீஸ் நன்றாக விழுந்தால் இரண்டு மூன்று ஷாட்டில் பாயின்ட் முடிந்துவிடும். பந்தை அடியில் சீவி அடிக்கும் ஸ்லைஸ் தாழ்வாக வழுக்கிப் போகும். சர்வையும் முதல் ஃபோர்ஹேண்டையும் நம்பி ஆடுகிறவருக்கு இதைவிட நல்ல தரை இல்லை. வீடு பக்கம், சாப்பாடு பழகியது, தோற்றால் அன்று இரவே ரயில் ஏறலாம்.

பருவத்தைப் பார்த்துத்தான் ஊரைத் தேர்வு செய்ய வேண்டும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, ஒரு வாரப் போட்டியில் இரண்டு நாள் தண்ணீரில் போனால் மிச்ச நாட்களில் இரண்டு மேட்சை ஒரே நாளில் ஆடச் சொல்வார்கள். அங்கே ஜனவரி முதல் மார்ச் பாதி வரைதான் சரியான காலம். டெல்லி, சண்டிகர் பக்கம் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம். காலையில் கோர்ட் ஈரமாக இருக்கும், முதல் மேட்ச் தள்ளிப்போகும், நீங்கள் வார்ம்-அப் செய்து குளிர்ந்து மறுபடி வார்ம்-அப் செய்ய வேண்டிவரும். அக்னி நட்சத்திர நாட்களில் ஒற்றையர் போட்டிக்குப் பெயர் கொடுக்கவே வேண்டாம். சிமெண்டின் மேல் பூசிய அக்ரிலிக், வெயிலை வாங்கிக் காலடியிலிருந்து திருப்பிக் கொடுக்கும்.

ஹார்டு கோர்ட்டில் ஷூ தரையைக் கெட்டியாகப் பிடிக்கும். ஓடி வந்து நிற்கும் வேகம் முழுவதையும் கெண்டைக்காலும் முழங்காலும் குதிகால் நாணும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த வயதில் அதிகம் போவது கெண்டைக்கால் தசையின் உள்பக்கம். வலையருகே மெல்ல விழும் டிராப் ஷாட்டுக்கு முன்னே பாயும் முதல் அடியில் பின்னாலிருந்து யாரோ பந்தால் அடித்ததுபோல் ஒரு சொடுக்கு கேட்கும். அதோடு நின்றுவிட வேண்டும். இன்னும் இரண்டு கேம் பார்க்கலாம் என்று ஆடுகிறவர் மூன்று வாரத்தில் ஆற வேண்டிய கிழிசலை மூன்று மாதமாக்கிக்கொள்கிறார். முதல் நாள் மேட்சுக்கு மறுநாள் காலை படியிறங்கும்போது கெண்டைக்கால் இறுகிப் பிடித்தால் அது முன்னறிவிப்பு. அன்று இரட்டையரை விட்டுவிடுங்கள்.

ஷூவின் அடிப்பாகம் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதலில் சாவது நடுவிலிருக்கும் நுரைப் பகுதி. பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புது ஷூவில் அமுங்கி எழும். பழையதில் சுருக்கம் விழுந்து அப்படியே கிடக்கும். அந்த ஜோடியைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடலாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். 70 கிலோ ஆள் ஒன்றரைக் கிலோ இழந்தாலே 2 சதவீதத்தைத் தாண்டிவிட்டார். கால் தடுமாறவும் கணிப்பு பிசகவும் அது போதும். வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதைவிட, உலக சுகாதார நிறுவன அளவில் தயாரான ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்து, ஒவ்வொரு 90 விநாடி இடைவேளையிலும் நாலு வாய் குடிப்பது மேல். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் எவ்வளவு உப்பு தாங்கும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

செம்மண்: மூட்டுக்கு நல்லது, மூச்சுக்குச் சோதனை

நம் ஊர் கிளப்புகளில் இருக்கும் மண் கோர்ட்டில் ஆடிப் பழகியவர் ஐரோப்பிய செம்மண்ணும் அதேதான் என்று நினைத்துப் போனால் முதல் நாளே திணறுவார். நம்முடையது உள்ளூர் மண்ணை நீர்விட்டு உருளை போட்டு இறுக்கியது. மேலே தளர்ந்த துகள் குறைவு, சறுக்கல் சீராக வராது, பந்தும் சில இடத்தில் படுத்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலியில் ஆடுவது செங்கல்லை நொறுக்கிய தூள், கெட்டியான அடித்தளத்தின் மேல் மெல்லிய படலமாகத் தூவியது. சறுக்கல் நம்பிச் சறுக்கலாம் என்கிற அளவுக்குச் சீராக இருக்கும்.

அந்தச் சறுக்கலில்தான் லாபமும் ஆபத்தும். நிற்கும் வேகத்தைத் தரையே கொஞ்சம் தின்றுவிடுவதால் முழங்காலுக்கு அடி குறைவு. முழங்கால் தேய்மானம் தொடங்கிவிட்டவர்கள் ஹார்டு கோர்ட்டில் மூன்று நாளில் படும் பாட்டை இங்கே ஐந்து நாளிலும் படுவதில்லை. ஆனால் சறுக்கத் தெரிய வேண்டும். பழகாதவர் பந்தை அடித்த பிறகு சறுக்குகிறார். அப்போது உடம்பு ஒரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வருவதற்குள் அடுத்த பந்து மறுபக்கம் போய்விடும். சறுக்கல் அடிப்பதற்கு முன் தொடங்கி, அடிக்கும் கணத்தில் முடிய வேண்டும். முன்கால் பாதம் போகும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், முழங்கால் மடிந்திருக்க வேண்டும். பாதத்தைக் குறுக்கே வைத்தால் ஷூவின் விளிம்பு மண்ணைக் குத்திக் கணுக்கால் மடங்கும். காலை அகல விரித்துச் சறுக்கினால் தொடையிடுக்குத் தசை இழுத்துக்கொள்ளும், 60 வயதில் அது எளிதில் ஆறாது. கிளம்புவதற்கு முன் மூன்று வாரமாவது, வாரம் மூன்று நாள், உள்ளூர் மண் கோர்ட்டில் இதை மட்டும் பழக வேண்டும். தரை வேறாக இருந்தாலும் காலின் வரிசை ஒன்றுதான்.

ஷூ தனியாக வேண்டும். அடிப்பாகம் முழுக்க மீன்முள் வரிசைபோல் கோடுகள் இருக்க வேண்டும். ஹார்டு கோர்ட் ஷூவின் இடுக்குகளில் ஈரமண் அடைத்துக்கொண்டால் அது பனிச்சறுக்குப் பலகைதான். பாயின்ட்டுக்கு இடையில் ராக்கெட்டால் ஷூவின் பக்கத்தைத் தட்டி மண்ணை உதிர்ப்பது ஸ்டைலுக்காக இல்லை.

பந்து மண்ணில் வேகம் இழந்து உயர எழும்பும். ஊரில் இடுப்பளவில் வந்த பந்து இங்கே தோளுக்கு வரும். ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரருக்கு இதுதான் முதல் தலைவலி. ஒன்று, உள்ளே நகர்ந்து பந்து ஏறும்போதே அடிக்க வேண்டும். அல்லது ஒரு மீட்டர் பின்வாங்கி ஆழமாக ஸ்லைஸ் போட வேண்டும். ரெண்டுக்கும் நடுவில், பழைய இடத்தில் நின்று தோளுயரப் பந்தை இழுக்கப் பார்ப்பவருக்கு இரண்டாவது நாளே தோள் வலிக்கும். ஸ்ட்ரிங் டென்ஷனை ஒன்று அல்லது இரண்டு பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள். பந்து ஈரத்தை வாங்கிக் கனக்கும், கையால் தள்ள வேண்டிய வேலையை ஸ்ட்ரிங் செய்யட்டும். பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் போட்டவர்கள் முழங்கை வலி இருந்தால் மெல்லிய இழைகள் பலவற்றால் ஆன மல்ட்டிஃபிலமென்டுக்கு மாறுவது நல்லது. மண்துகள் அறுக்கும் என்பதால் அது சீக்கிரம் அறுந்துபோகும், எனவே இரண்டு ராக்கெட்டுக்குப் பதில் மூன்று எடுத்துச் செல்லுங்கள்.

இந்தப் போட்டிகளின் பெரும்பாலான மேட்சுகளில் நடுவர் நாற்காலியில் யாரும் இருக்கமாட்டார்கள். அவரவர் பக்கத்துக் கோட்டை அவரவர் சொல்ல வேண்டும், சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே. ஹார்டு கோர்ட்டில் சொன்னது சொன்னதுதான். மண்ணில் தடம் இருக்கும். எதிராளி 'அவுட்' என்றால் தடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், வலையைத் தாண்டிப் போய்ப் பார்க்கலாம். காட்டும் முன் அவர் தடத்தைக் காலால் அழித்துவிட்டால் புள்ளி உங்களுக்கு. இது தெரியாமல் நம்மவர்கள் இரண்டு வகையில் இழக்கிறார்கள். மரியாதைக்காகக் கேட்காமல் விடுவது ஒன்று. பழக்கதோஷத்தில் தம் பக்கத்துத் தடத்தைத் தாமே தேய்த்துவிடுவது மற்றொன்று. தடத்தைச் சுற்றி ராக்கெட் நுனியால் வட்டம் போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

மூன்றாவது வாரம் என்னும் ஆசை

ஐரோப்பாவுக்கு விமானக் கட்டணம் ஒரு வாரத்துக்கும் மூன்று வாரத்துக்கும் ஒன்றுதான், அதனால் அடுத்தடுத்து மூன்று போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடத் தோன்றும். பணக் கணக்கில் அது சரி. உடம்புக் கணக்கில் பாருங்கள். 32 டிராவில் கடைசி வரை போனால் ஐந்து ஒற்றையர் மேட்ச். 16 ஜோடி இரட்டையரில் கடைசி வரை போனால் இன்னும் நான்கு. ஆறு நாளில் ஒன்பது மேட்ச். மண்ணில் ஒரு ஒற்றையர் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுவது சகஜம். இதே வேகத்தில் இரண்டாவது வாரமும் ஆடிவிட்டு மூன்றாவது வாரம் போகிறவர்கள் முதல் சுற்றில் முதுகைப் பிடித்துக்கொண்டு ரிட்டயர் ஆவதை எந்தப் போட்டியின் முடிவுப் பட்டியலிலும் பார்க்கலாம். மூன்று வாரம் இருக்கத்தான் வேண்டுமென்றால் நடு வாரத்தை இரட்டையருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றில் தோற்றால் பயணம் வீணா? கன்சலேஷன் டிரா இருக்கும் போட்டியாகத் தேர்வு செய்தால் இல்லை. முதல் மேட்சில் தோற்றவர்கள் தங்களுக்குள் ஆடும் டிரா அது. இதையும் ஃபேக்ட் ஷீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இரட்டையர் மட்டும்?

இதை ஒற்றையர் முடியாதவர்களின் ஒதுக்கிடமாகப் பார்ப்பது அநியாயம். 1957 விம்பிள்டனில் அமெரிக்க வீரர் கார்ட்னர் முல்லாய் இரட்டையர் பட்டம் வென்றபோது அவருக்கு 43 வயது. 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் நம் ரோஹன் போபண்ணா வென்றபோது அவருக்கும் 43. ஒற்றையர் கோர்ட்டின் 8.23 மீட்டர் அகலத்தைத் தனியாக மூடுவதற்கும், 10.97 மீட்டரை இருவர் பகிர்ந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம் காலுக்குத் தெரியும். மூன்றாவது செட்டும் பெரும்பாலும் 10 புள்ளி மேட்ச் டை-பிரேக்தான்.

தோளில் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இது தப்பிக்கும் வழி ஆகாது. இந்த வயதில் எதிராளி உங்கள் தலைக்கு மேலே பந்தைத் தூக்கி அனுப்பும் லாப் போட்டுக்கொண்டே இருப்பார், தலைக்குமேல் அடிப்பது ஒற்றையரைவிட அதிகம். இன்னொன்று, ஜோடியை ஆறு மாதம் முன்பே பேசி முடிக்க வேண்டும். போட்டி இடத்தில் போய் ஆள் தேடிச் சேரும் ஜோடி, நடுவில் வரும் பந்தை யார் எடுப்பது என்பதிலேயே முதல் செட்டை விட்டுவிடும்.

எங்கள் தேர்வு

முழங்காலும் கெண்டைக்காலும் நன்றாக இருந்து, சர்வீஸ்தான் உங்கள் ஆயுதம் என்றால் உள்ளூர் ஹார்டு கோர்ட் பருவமே போதும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நான்கு போட்டி, ஒவ்வொன்றுக்கும் இடையில் குறைந்தது பத்து நாள். முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டால், அல்லது நீண்ட ராலி ஆடி எதிராளியைக் களைக்க வைப்பதுதான் உங்கள் வழி என்றால், வேறு வழி சொல்வோம். ஜனவரி, பிப்ரவரியில் ஊரில் இரண்டு போட்டி ஆடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அதிகாலையில் மண் கோர்ட்டில் சறுக்கல் பழகுங்கள். ஜூனில் ஐரோப்பாவில் இரண்டே வாரம் ஆடுங்கள். முதல் வாரம் எம்.டி 200 போல் சின்னது, இரண்டாவது வாரம் பெரியது. முதல் வாரத்துத் தோல்வியில் தரையைக் கற்றுக்கொள்வீர்கள், அதைப் பெரிய போட்டியில் கற்றுக்கொள்ள வேண்டாம். மிச்ச இரண்டு வாரத்தை ஆண்டின் கடைசிக்கு வைத்திருங்கள், காயத்தால் போன வாரத்தை ஈடுகட்ட வேண்டிவரும்.

ஐரோப்பா போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அந்தக் காப்பீடு போட்டி விளையாட்டில் ஏற்படும் காயத்தை ஏற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல பாலிசிகள் ஏற்காது.

மருந்து அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

எந்த வழியைத் தேர்வு செய்தாலும் முதலில் முடிக்க வேண்டிய வேலை இது, பலர் கடைசியில்கூடச் செய்வதில்லை. ஐ.டி.எஃப் போட்டிக்குப் பதிவு செய்யும்போதே ஊக்கமருந்து விதிகளுக்கும் கட்டுப்படுகிறீர்கள், 60 வயதுக்குத் தனிச் சலுகை கிடையாது. இன்சுலின் தடைப் பட்டியலில் இருக்கிறது. மெட்ஃபார்மின் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையில் டெல்மிசார்டனோ அம்லோடிபினோ தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் அதே பெயரோடு 'ஹெச்' என்றோ 'சி.டி' என்றோ ஒட்டிக்கொண்டு வரும் அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன், இன்டபமைடு என்று இருந்தால் அது சிறுநீர் பெருக்கி, எல்லாக் காலத்திலும் தடை. முழங்காலில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். மூன்று மாதம் முன்பு மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தடை மருந்தைச் சிகிச்சைக்காக எடுத்துக்கொள்ள அனுமதி தரும் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக்கு அவருடைய அறிக்கையோடு விண்ணப்பியுங்கள். அதே சந்திப்பில் டிரெட்மில் டெஸ்ட் எடுப்பது பற்றியும் பேசிவிடுங்கள். வலி மாத்திரை பற்றியும் கேளுங்கள்: அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி, டைக்ளோஃபினாக் மூன்றும் வியர்த்து வறண்ட உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும்.

பயணத்தில் வயிறு கெட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று சிப்ரோஃபிளாக்சசினைப் பையில் வைப்பவர்கள் அதையும் வெளியே எடுத்துவையுங்கள். அந்தக் குடும்பத்து ஆன்டிபயாட்டிக்குகளால் குதிகால் நாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு, 60-ஐத் தாண்டியவர்களுக்கு அது இன்னும் கூடுதல். வேறு எதை எடுத்துப் போகலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தச் சீட்டைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.